துளையிட்ட அட்டைகளின் நாடு: கணினி பிறக்காத கொங்கும் ஒரு காலப்பயணியும்

நடந்து முடிந்த வரலாற்றில் ஏதேனும் ஒரு நிகழ்ச்சி நடக்காமலோ வேறு விதமாகவோ போயிருந்தால் உலகம் எந்த வழியில் சென்றிருக்கும் என்று, கிடைத்துள்ள சான்றுகளைக் கைவிடாமல் எண்ணிப் பார்க்கும் எழுத்துவகைக்கு மாற்று வரலாறு என்று பெயர். அத்தகைய கதைகளில் உண்மை வரலாறும் கற்பனை வரலாறும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கும் கணத்தைப் பிரிமுனை எனலாம். பவானியிலிருந்து காளிங்கராயன் வெட்டிய வாய்க்காலில் வரும் தண்ணீர் எந்தக் காட்டுக்குப் பாயும் என்பதை மதகு தீர்மானிப்பதைப் போல, காலம் எந்தப் பக்கம் பாயும் என்பதை இந்தப் பிரிமுனை தீர்மானிக்கிறது. மாற்று வரலாற்றோடு காலப்பயணமும் சேர்ந்துவிட்டால் கதாசிரியருக்கு மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஓர் ஆள் கிடைத்துவிடுகிறார். எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட 'தி டைம் மெஷின்' நாவலில் தொடங்கி, தமிழ்த் திரையில் 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை', 2016-இல் வந்த '24' ஆகிய படங்கள் வரை இந்த ஆளுக்கு வேலை குறைந்ததே இல்லை.

கணினியே தோன்றாத ஓர் உலகுக்குள் இந்தக் காலப்பயணியை அனுப்பிவைக்கும் சாகசக் கதை, பெரும்பாலும் இரண்டு மயக்கங்களில் ஒன்றில் விழுந்துவிடுகிறது. ஒன்று, பித்தளைப் பற்சக்கரங்களும் நீராவிக் குழாய்களும் நிறைந்த ஒரு பொம்மை உலகம். மற்றொன்று, விளக்கணைந்த வீடு போல எதுவுமே இயங்காத இருண்ட உலகம். கொங்கு நாட்டின் அண்மைக்கால வரலாற்றைப் படிப்பவருக்கு இரண்டுமே பொய் என்பது விளங்கிவிடும்; ஏனெனில் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய இந்த நிலப்பரப்பு நூற்பாலைகளையும் அணைகளையும் மின்மோட்டார்களையும் கணினியின் துணை இன்றியே கண்டது. கணினி இல்லாத கொங்கு என்பது கற்பனை செய்து உருவாக்க வேண்டிய உலகம் அன்று. இன்று அறுபது வயதைக் கடந்த எவரும் அதில் குடியிருந்தவர்தான்.

கதைக்குள் இறங்குமுன், எந்த மதகை அடைத்தால் கணினி பிறக்காமல் போகும் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும். அந்த விடை எதிர்பார்ப்பதைவிடச் சிக்கலானது. கணினியின் முன்னோடி என்று போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், கணித அட்டவணைகளைப் பிழையின்றித் தயாரிக்கும் வேறுபாட்டு எந்திரத்தை 1822-இல் முன்மொழிந்தார்; ஏறத்தாழ 17,000 பவுண்டு செலவான பின் பிரிட்டிஷ் அரசு 1842-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. எந்தக் கணக்கையும் கட்டளைப்படி செய்யவல்லதாக 1830-களில் அவர் கருதிய பகுப்பு எந்திரமோ முழுமையாகக் கட்டப்படவே இல்லை. அதாவது, கணினி பிறந்திருக்கக்கூடிய ஒரு நூற்றாண்டில் அது பிறக்காமல் போனது; உண்மை வரலாறே அந்த வகையில் ஒரு மாற்று வரலாறுதான். வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990-இல் எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' நாவல் இந்தப் பிரிமுனையையே எதிர்த்திசையில் திருப்பி, பாபேஜ் வென்றுவிட்ட ஓர் உலகைப் படைத்தது.

20-ஆம் நூற்றாண்டிலோ மதகு ஒன்றல்ல, பல. 1936-இல் ஆலன் டூரிங் கணக்கிடுதல் என்றால் என்ன என்பதற்கே ஓர் எந்திர வரையறையை எழுதினார். 1941-இல் பெர்லினில் கொன்ராட் சூசே, கட்டளைப்படி இயங்கும் தம் எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். பிரிட்டனில் போர்க்கால மறைகுறிகளை உடைக்கக் கொலோசஸ் உருவானது. அமெரிக்காவில் பீரங்கிக் குண்டுகளின் பாதை அட்டவணைகளைக் கணக்கிட, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எனியாக் 1946-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இவர்களுள் பலர் மற்றவர் செய்வதை அறியாமலே ஒரே குளத்துக்கு வெவ்வேறு வாய்க்கால்களை வெட்டிக்கொண்டிருந்தனர். ஆகவே, காலப்பயணி பின்னோக்கிச் சென்று ஒருவரைத் தடுத்தாலும் இன்னொருவர் வழியாகத் தண்ணீர் வந்து சேர்ந்துவிடும். தன் தாத்தாவையே இளமையில் கொன்றுவிட்டால் கொல்லப் போனவர் எப்படிப் பிறந்தார் என்று கேட்கும் புகழ்பெற்ற தாத்தா முரண்கூட இங்கே வலுவிழக்கிறது. கணினிக்குத் தாத்தாக்கள் அத்தனை பேர்.

அந்தத் தாத்தாக்களுள் மிக மூத்தவர் கணிதர் அல்லர், நெசவாளர். பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய தறிக்கருவி, துணியில் பூவும் மாங்காயும் மயிலும் விழுவதற்குரிய கட்டளைகளைத் துளையிட்ட அட்டைகளில் ஏந்தி வந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையிலும் சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலும் தறிகளின் தலைமேல் ஏறி நிற்கின்றன. நெசவாளர்கள் அந்தத் துளையிட்ட துண்டுகளை வெறுமனே அட்டை என்றே சொல்கின்றனர். பட்டைக் கோடுகளே அழகாக அமைந்த பவானி ஜமுக்காளத்துக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. ஆனால் முந்தானையில் பூவேலை கேட்கும் சேலைக்கு அட்டையின்றி வழியில்லை.

அது இயங்கும் முறை எளிமையானது. எளிமையே அதன் பெருமை. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களின் தொகுதி பாவு எனப்படும். நாடா குறுக்கே இழுத்துச் செல்லும் நூல் ஊடை எனப்படும். ஒவ்வோர் ஊடை போடும்போதும் பாவு நூல்களில் எவை மேலே எழ வேண்டும், எவை கீழே கிடக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தால் துணியில் உருவம் விழுந்துவிடும். ஜக்கார்டு பெட்டிக்குள் வரிசையாக ஊசிகள் உண்டு. ஒவ்வோர் ஊசியும் ஒரு கொக்கியோடும், அக்கொக்கி கயிறு வழியாகக் கீழேயுள்ள பாவு நூல்களோடும் பிணைக்கப்பட்டிருக்கும். அட்டை வந்து ஊசி வரிசையை அழுத்தும்போது, துளை உள்ள இடத்தில் ஊசி உட்புகுந்துவிடுவதால் அதன் கொக்கி நிலையில் நின்று மேலே தூக்கப்படுகிறது; துளை இல்லாத இடத்தில் ஊசி பின்தள்ளப்படுவதால் கொக்கி விலகித் தூக்குக் கம்பியில் சிக்காமல் போகிறது. துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே நிலைகளில் முழுப் படமும் அடங்கிவிடுகிறது. இன்றைய கணினி 1, 0 என்ற இரண்டு இலக்கங்களால் எதையும் எழுதுவது இதே கொள்கைதான். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வீதம், கோலத்தின் நீளத்துக்கேற்ப நூற்றுக்கணக்கில் அட்டைகள் நூலால் கோக்கப்பட்டுச் சங்கிலியாகத் தொங்கும். கடைசி அட்டை முதல் அட்டையோடு இணைக்கப்படுவதால் கோலம் திரும்பத் திரும்ப விழும். கணினி நிரல் எழுதுபவர்கள் சுழற்சி என்று அழைக்கும் கட்டளை வடிவம் இங்கே நூலால் தைத்தே செய்யப்பட்டிருக்கிறது.

ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் 1839-இல் லியோனில் உருவானது. அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதில் ஒன்றைப் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். தம் பகுப்பு எந்திரத்துக்குக் கட்டளையிடவும் எண்களை ஊட்டவும் அதே அட்டைகளையே தேர்ந்துகொண்டார். அது மட்டுமன்று, எண்களைக் கூட்டிப் பெருக்கும் பகுதிக்கு அவர் இட்ட பெயர் மில். எண்களைச் சேமித்து வைக்கும் பகுதிக்கு இட்ட பெயர் ஸ்டோர். ஆங்கிலத்தில் இது வெறும் உவமைச் சொல்லாக நின்றுவிட்டாலும், ஆலைச் சங்கு ஒலியைக் கேட்டு நேரம் அறிந்த கோவைக்காரர்களுக்கு மில்லும் ஸ்டோரும் எங்கே இருக்கும், எது எதற்கு நூல் அனுப்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பாபேஜ் கோவையில் பிறந்திருந்தால் என்று யாரேனும் மாற்று வரலாறு எழுதத் துணிந்தால் சொல் அகராதி தயாராகவே இருக்கிறது.

இந்தக் கதையில் ஈரோட்டுக்கும் ஓர் இடம் உண்டு, அது பெரிய இடம். பாபேஜின் பகுப்பு எந்திரத்தைப் பற்றி 1843-இல் விரிவான குறிப்புகளை வெளியிட்ட ஏடா லவ்லேஸ், அந்த எந்திரம் ஒரு கடினமான கணக்கைப் படிப்படியாக எவ்வாறு செய்யும் என்பதற்கு எடுத்துக்காட்டாக பெர்னூலி எண்கள் எனப்படும் எண்வரிசையைத் தேர்ந்தெடுத்தார். தொடர் எண்களின் அடுக்குகளைக் கூட்டும் சூத்திரங்களில் வந்து நிற்கும் இந்த எண்கள், ஒன்றிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடிக்கும் வகையைச் சேர்ந்தவை என்பதால், எந்திரத்தின் திறனைக் காட்ட உகந்தவை. அந்த எடுத்துக்காட்டே உலகின் முதல் கணினி நிரல் என்று பலரால் கருதப்படுகிறது. இதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையின் பொருளும் பெர்னூலி எண்களே. லவ்லேஸ் எந்திரத்திடம் ஒப்படைக்க விரும்பிய வேலையை ராமானுஜன் சிலேட்டில் செய்தார். கணினி இல்லாத உலகைப் பற்றிய சாகசக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான இரட்டை மாந்தரைக் கற்பனையில்கூட அமைக்க முடியாது. இருவரும் முப்பதுகளிலேயே மறைந்தனர் என்பதும் அந்தப் பொருத்தத்தில் சேரும்.

ராமானுஜனின் கணிதம் கணினி இல்லாத உலகில் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்பதற்கு வரலாறே இரண்டு சான்றுகளைத் தருகிறது. ஓர் எண்ணைச் சிறிய எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதைப் பிரிவினை என்பர். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். எண் பெரிதாகும்போது இந்த வகைகள் கட்டுக்கடங்காமல் பெருகும். அதற்குத் தோராயச் சூத்திரம் ஒன்றை ஆங்கிலக் கணிதர் ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்டனர். அச்சூத்திரம் சரிதானா என்று பார்க்க, 200 என்ற எண்ணுக்குரிய விடையைப் பெர்சி மக்மஹோன் எந்த எந்திரமும் இன்றிக் கையாலேயே கணக்கிட்டிருந்தார்: 3,972,999,029,388, அதாவது கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி. ஹார்டி-ராமானுஜன் சூத்திரத்தின் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வரும் விடை இதிலிருந்து ஒன்றின் ஆயிரத்தில் நான்கு பங்கே விலகியது. பிரிட்டிஷ் படை அதிகாரியாக இளமையில் இந்தியாவில் பணிபுரிந்த மக்மஹோன், மனிதக் கணினியின் உச்சம் என்று சொல்லத்தக்கவர். இப்படிப்பட்டோர் உள்ளவரை ராமானுஜனுக்கு எந்திரம் தேவைப்படவில்லை.

இரண்டாவது சான்று எதிர்ப்பக்கம் சாய்கிறது. பை எனப்படும் வட்ட விகிதத்தைக் கணக்கிட ராமானுஜன் 1914-இல் வெளியிட்ட தொடர்களுள் ஒன்று, ஒவ்வோர் உறுப்பைக் கூட்டும்போதும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைப் புதிதாகத் தரும் வேகமுடையது. பள்ளிக்கூடத்துக்கு மூன்று இலக்கம் போதும், பொறியாளருக்கு ஆறு இலக்கம் போதும் என்ற உலகில் அந்த வேகத்தால் யாருக்கும் பயனில்லை. 1985-இல் பில் கோஸ்பர் கணினியில் அத்தொடரை ஓட்டி 1 கோடியே 75 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கண்டபோதுதான் அதன் முழு வலிமை வெளிப்பட்டது. கணினி இல்லாத உலகில் அந்தச் சூத்திரம் அழகாகவும் வேலையற்றும் ஏட்டில் கிடந்திருக்கும். காலப்பயணி கொண்டு போகக்கூடிய மிகப் பெரிய இரகசியம் ஆயுதம் அன்று, அந்தத் தொடரின் பயன் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

மனிதரே கணினியாக இருந்த காலம் தமிழகத்துக்கு அயலானதன்று. ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கணக்கிடும் பணியிலிருந்த ஆளையே குறித்தது. இந்திய நில அளவைத் துறையில் அது ஒரு பதவிப் பெயர். வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்கும், கணிப்பாளராக 1831-இல் சேர்ந்த ராதாநாத் சிக்தர் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதற்கும் இத்தகைய மனிதர்களின் உழைப்பே அடிப்படை. அந்த அளவைக்கென வானியல் முறையில் அட்சரேகை கணிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, லாம்டனின் ஏட்டில் புட்சபொல்லியம் என்று சிதைந்து எழுதப்பட்ட கொங்குச் சிற்றூர். வடக்கே 10 பாகை 59 நிமிடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கிறது.

இவர்களையும் விஞ்சும் சான்று புதுச்சேரியில் பதிவானது. ஜான் வாரன் என்ற அளவையாளர் 1825-இல் வெளியிட்ட 'காலசங்கலித' நூலில், ஆங்கில வானியல் எதையும் அறியாத தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சிப்பிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்கள் வழியாக வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை விவரிக்கிறார். எண்களைச் சொற்களாக மாற்றி நினைவில் நிறுத்தும் தொடர்களே வாக்கியம் எனப்பட்டன. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதனால் வந்தது. 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த அந்தக் கிரகணத்தின் தொடக்கத்தை அவர் கணித்த பிழை சுமார் 4 நிமிடம், ஒரு நாழிகையின் ஆறில் ஒரு பங்கு. சிப்பி செயலகம், மனப்பாடம் நினைவகம், வாக்கியம் நிரல். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைக் கூவிப் படித்த பிள்ளைகளும் இதே மரபின் கிளைகள்தாம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மாகாணி என்றால் 16-இல் ஒரு பங்கு, நிலத்தின் பரப்பைச் சொல்ல குழிமாற்று வாய்பாடு என, விடைகள் முன்கூட்டியே தலைக்குள் ஏற்றப்பட்டிருந்தன.

ஆலைகள் வந்த பிறகு இந்தக் கணக்கு வேறு உருவெடுத்தது. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-இல் கோவையில் நிறுவிய நூற்பாலையும், 1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின் பெருகிய ஆலைகளும், பருத்தி வரவிலிருந்து நூல் விற்பனை வரை அனைத்தையும் பேரேட்டிலும் சிட்டையிலும் எழுதியே நடந்தன. 40-ஆம் நம்பர் நூல் என்றால் 840 கஜம் நீளமுள்ள 40 சிட்டங்கள் ஒரு பவுண்டு எடை நிற்கும் என்று பொருள். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். இந்த ஒரு வரையறையிலிருந்து கதிர்களின் எண்ணிக்கை, நாளுக்கான உற்பத்தி, தொழிலாளியின் கூலி ஆகிய எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளை விரல் மடக்கி வருவித்தார். கையால் சுற்றும் ஃபேசிட் கணக்கு எந்திரம் மேசைக்கு வந்தபோதும், விலைக் கணக்குப் புத்தகமாகிய ரெடி ரெக்கனர் இழுப்பறையை விட்டுப் போகவில்லை.

1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டம் இந்த உலகின் திறமைக்கு முழுமையான சான்று. சுமார் 200 கிலோமீட்டர் நீளும் பிரதானக் கால்வாய், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம், அதற்கான சாய்வு, கொள்ளளவு, மதகின் அகலம் ஆகியவை அனைத்தும் மடக்கை அட்டவணையையும் நகரும் கணக்கு மட்டத்தையும் கொண்டே வகுக்கப்பட்டன. மடக்கை என்பது பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக் காட்டும் எண். இரண்டு மடக்கைக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்திப் பெருக்கும் கருவியே கணக்கு மட்டம். தண்ணீர் எல்லோருக்கும் ஒரே பருவத்தில் போதாது என்பதால், ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறையும் இரட்டைப்படை மதகுகளுக்கு மறுமுறையும் பாசனம் பிரித்துத் தரப்படுகிறது. திறப்பு, அடைப்பு என்ற இரண்டு நிலைகளில் ஒரு மாவட்டமே இயங்கும் இந்த ஏற்பாடு, கணினியைக் கண்டிராத கணினி என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்குத் தெளிவானது. 1912-இல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் கோ 205 என்ற புதிய கரும்பை உருவாக்கியபோதும், எண்ணற்ற நாற்றுகளின் சர்க்கரை அளவை ஒப்பிட்டுத் தேர்ந்தது மனிதக் கண்ணும் மனிதக் கணக்குமே.

இந்த உலகம் முடிவுக்கு வந்த நாளும் அவ்வளவு தொலைவில் இல்லை. வங்கிகளைக் கணினிமயமாக்குவது குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த சி. ரங்கராஜன் குழு 1984-இல்தான் அறிக்கை தந்தது. பணியிழப்பு அச்சத்தால் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் எதிர்த்தன. மாற்று வரலாற்றில் அந்த எதிர்ப்பு வென்றிருக்கும் என்று எழுதுவது எளிது. ஆனால் எதிர்ப்பு வென்றால் கணக்கு எழுதும் ஆட்களின் தொகை தொழிலோடு சேர்ந்து பெருகியிருக்கும்; கோவை, ஈரோடு போன்ற ஊர்களில் ஆலைக்கு நிகரான அளவில் எழுத்தர் கூடங்கள் எழுந்திருக்கும். கணினி இல்லாத கொங்கு பித்தளை உலகமாக இராமல், காகிதமும் மையும் நிறைந்த குமாஸ்தாக்களின் உலகமாகவே இருந்திருக்கும் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

அந்தக் காகித உலகில் தமிழ் எழுத்தின் உருவம் எப்படி இருந்திருக்கும் என்பது தனியே சிந்திக்கத்தக்கது; பெரும்பாலான கற்பனைகள் இதைக் கவனிப்பதில்லை. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை வேண்டும். இலங்கைத் தமிழரான முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்தபோது எதிர்கொண்டதும் குறைந்த விசைகளில் நிறைய எழுத்துகளை அடக்கும் இந்த இட நெருக்கடியையே. ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' இதழில் பெரியார் 1935-இல் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம், யானைத் துதிக்கை போல் வளைந்த கொம்பு பெற்றிருந்த ணை, லை, ளை, னை ஆகியவற்றையும், தனி உரு பெற்றிருந்த ணா, றா, னா முதலியவற்றையும் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதச் செய்தது. தமிழக அரசு 1978-இல் இதை ஏற்றது. ஐ, ஔ ஆகியவற்றை நீக்கும் பகுதி மட்டும் ஏற்கப்படவில்லை. அதற்கு அடுத்த படியாக, கரூர்ப் பகுதியில் பிறந்த நீரியல் அறிஞர் வா. செ. குழந்தைசாமி, இகர ஈகார உகர ஊகார வரிசைகளில் வரும் 72 உயிர்மெய் எழுத்துகளையும் துணைக்குறியீடுகளால் எழுதலாம் என்று நெடுங்காலம் வாதிட்டார்.

கணினி வந்து, ஒருங்குறி எனப்படும் பொதுக் குறியீட்டு முறையில் 1991 முதல் தமிழும் இடம்பெற்ற பின், எழுத்தின் உருவத்துக்கும் விசையின் எண்ணிக்கைக்கும் இருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே தட்டப்பட, திரையில் உருவத்தைச் சேர்த்துக் காட்டும் வேலையை எந்திரமே ஏற்றுக்கொண்டது. 2010 ஜூனில் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் கூடியபோது விவாதம் குறியீட்டு முறையைப் பற்றியதாக இருந்தது. எழுத்தின் உருவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி அப்போது தணிந்துவிட்டிருந்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், கணினி பிறக்காத உலகில் தட்டச்சு விசைகளின் நெருக்கடி தொடர்ந்திருக்கும். ஈரோட்டில் தொடங்கிய சீர்திருத்தம் 72 எழுத்துகளையும் விழுங்கியிருக்கலாம். காலப்பயணி அங்கே ஒரு தெருப்பலகையைக் கண்டால் தமிழ் என்று அறிவார், ஆனால் கி, கு, கூ எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவார். பழைய வடிவத்தைக் காத்தது கணினி என்ற இந்த முடிவு, எந்திரம் மரபை அழிக்கும் என்ற பொது எண்ணத்துக்கு நேர் எதிரானது.

கணினி பிறக்காத உலகில் இழப்புகளும் உண்டு; அவற்றை மறைத்தால் கதை ஏமாற்று ஆகும். 1971-இல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் அளவுகளைக் கணக்கிட்டே படமாக்குகிறது. கணக்கு இல்லையெனில் படம் இல்லை. மருத்துவ நகரமாகப் பெயர் பெற்ற கோவையின் மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிர் அறை இருக்கும், அதற்கு அப்பால் இருட்டு. வானிலையை எண்களால் முன்கூட்டிக் கணிக்க 64,000 மனிதக் கணிப்பாளர்கள் தேவைப்படுவர் என்று லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922-இல் மதிப்பிட்டார். அத்தனை பேரை அமர்த்த எந்த அரசாலும் இயலாது. பொள்ளாச்சிப் பகுதிக் கோதவாடியில் பிறந்து, கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, 2008-இல் சந்திரயான்-1 திட்டத்தை இயக்கினார். ராக்கெட்டை ஏவ மட்டும் கணினி கட்டாயமன்று, 1944-இல் ஜெர்மனி ஏவியதே அதற்குச் சான்று. நிலவின் சுற்றுப்பாதையில் கலத்தை நிறுத்தும் கணக்கைத் தக்க நேரத்தில் முடித்துத் தர கணினியால்தான் இயலும்.

கணினியின்றி இயன்றதற்கும் இயலாததற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பவர் கோ. து. நாயுடு. கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த அவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் உருவாக்கினார். அவர் கண்டுபிடிப்புகளுள் வாக்குப் பதிவு எந்திரம் ஒன்றும் சொல்லப்படுகிறது. நடந்த வரலாற்றில், பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியபோது அப்பணியில் பங்காற்றிய பொறியாளர் எஸ். ரங்கராஜன், தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. தமிழில் எதிர்காலக் கதைகளைப் பரவலாக்கியவரும் வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரும் ஒரே மனிதர் என்பதை எந்த நாவலாசிரியரும் கற்பனையாக எழுதத் தயங்குவார். மாற்று வரலாற்றில் அந்த மின்னணு எந்திரம் இல்லை; அதன் இடத்தில், நெம்புகோலும் பற்சக்கரமும் கொண்ட நாயுடுவின் எந்திரம் வாக்குச்சாவடியில் அமர்ந்திருக்கும் என்று எழுதுவதற்குச் சிறிதளவே துணிவு போதும்.

சாகசக் கதையின் காலப்பயணி இறுதியில் வந்து சேர வேண்டிய இடம் சிறுமுகையின் ஒரு தறிவீடுதான் என்பதற்குக் காரணம், அங்கே காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதே. நெய்துகொண்டிருக்கும்போது ஓர் ஊடை பிசகிவிட்டால், நெசவாளர் பிசகிய இடம் வரை ஊடைகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார். எத்தனை ஊடை உருவினாரோ அத்தனை அட்டைகளைப் பின்னோக்கித் திருப்பி, பிசகு நேர்வதற்கு முந்தைய அட்டையை ஊசிகளின் எதிரே நிறுத்திய பின்னரே நாடாவை மீண்டும் எறிகிறார். ஓர் அட்டை கூடுதலாகத் திருப்பினாலும், ஓர் அட்டை குறைவாகத் திருப்பினாலும், பூவின் நடுவே அந்தப் பிசகு ஒரு கோடாகத் தெரிந்துவிடும்.